அடைவில்லா ஆய்விதழ்கள்: தமிழ்க் கட்டுரைகள் இணையத்தில் கிட்டாமை யார் குறை?

முன்னுரை

முனைவர் பட்டத்திற்கு அளிக்கப்பெறும் தமிழ் ஆய்வேடுகள் பலவற்றின் முதல் இயலில் 'இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வு நிகழ்த்தப்பெறவில்லை' என்னும் கருத்து தவறாது இடம்பெறுகின்றது. ஆய்வு நிகழவில்லை என்பது வேறு; நிகழ்ந்த ஆய்வு கண்ணிற் படவில்லை என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வழியின்றித் தமிழாய்வு இன்று நிற்கின்றது. இதற்கு மாணவரின் சோம்பலையும் நூலகத்தின் வறுமையையும் காரணமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆய்விதழ்களை நடத்தும் தமிழ்த்துறைகளும் தமிழ் அமைப்புகளுமே இதற்கு முதற்பொறுப்பு என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகின்றது.

பெருகிய வாயில்கள்

நூலகங்கள் வறுமையுற்றன என்னும் கூற்று இன்று முழுதும் பொருந்துவதன்று. பல்கலைக்கழக மானியக்குழுவின் இன்ஃபோநெட் மின்னூலகத் திட்டம் 2004இல் தொடங்கிய நாள்முதல் இணையவழி இதழ்கள் நம் பல்கலைக்கழகங்களை எட்டலாயின. 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்றது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 2025 முதல் நடுவண், மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு இத்திட்டத்தின்வழித் திறக்கப்பெற்றன.

திருவனந்தபுரத்துக் காரியவட்டம் வளாகத்தில் இயற்பியல் மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் அருகருகே அமர்ந்து தேடுவதாகக் கொள்வோம். முன்னவர் ஒரு கலைச்சொல்லை இட்டதும் கட்டுரைகளும் சுருக்கங்களும், அவற்றை மேற்கோளாக ஆண்ட பிற கட்டுரைகளும் வரிசையாக வந்து நிற்கும். பின்னவர் 'முல்லைத்திணை' எனத் தமிழில் இட்டால் வருவன மிகச் சில. அயலகத்தார் சங்க இலக்கியம் குறித்து ஆங்கிலத்தில் எழுதியவற்றை அவரால் ஓரளவு காண இயலும். தமிழ்நாட்டுத் துறையொன்று வெளியிட்ட தமிழ்க் கட்டுரையைக் காண்பது அரிது. சென்னைக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் நினைத்தபோதெல்லாம் செல்லவியலாத அயல்மாநிலத் தமிழ்த்துறை மாணவர்க்கு இவ்விழப்பு இருமடங்காகும்.

தடைகள் எங்குள்ளன

தடைகள் மூன்று. முதலாவது, கட்டுரை அளவிலான பதிவின்மை. செந்தமிழ், செந்தமிழ்ச் செல்வி, தமிழ்ப் பொழில் ஆகிய இதழ்களின் பழைய தொகுதிகள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவற்றால் மின்படிகளாக்கப்பெற்றுள்ளன. இது போற்றத்தக்க பணியாகும். எனினும் இதழின் பெயரையும் ஆண்டையும் முன்னரே அறிந்தவர்க்கே அவை பெரிதும் பயன்படுகின்றன. பொருளை மட்டும் அறிந்து தேடுவோர்க்கு, எந்த இதழில் எந்தக் கட்டுரை உள்ளது என்று கூறுவார் இலர். பக்கங்கள் படங்களாகவே நிற்பின் அவற்றுள் உள்ள சொற்களும் தேடலுக்கு அகப்படா.

இரண்டாவது, எழுத்துருக் குழப்பம். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்ப் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சான கட்டுரைகள், கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாகவும் அமைகின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவிலேயே அச்சுப்படி அமைக்கும் ஆய்விதழ்கள் உள்ளன.

மூன்றாவது, பெயர்ப்பு முறைகளின் வேறுபாடு. சிலப்பதிகாரத்தின் முதலெழுத்தை உரோமன் எழுத்தில் 'சி' கொண்டு எழுதுவோரும் உளர். 'எஸ்' கொண்டு எழுதுவோரும் உளர். ழகரத்திற்கும் இவ்வாறே பல வடிவங்கள் வழங்குகின்றன. ஆய்வேடுகளைத் தாங்கும் சோத்கங்கா களஞ்சியத்திலும் தமிழ்த் தலைப்புகள் பல உரோமன் எழுத்திலேயே பதிவாகியுள்ளன. பதிந்தவரின் எழுத்துக்கூட்டலைத் தேடுபவர் ஊகித்தறிய வேண்டியுள்ளது.

இம்மூன்றனுள் எதுவும் நூலகர் தனித்துத் தீர்க்கக்கூடியதன்று. நூலகம் வாங்கித் தரலாம். பெயரிட்டுப் பதியப்படாததை அது தேடித் தர இயலாது.

மரபு காட்டும் வழி

அடைவு என்பது தமிழாய்வுக்குப் புதிதன்று. வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் திருவனந்தபுரத்தில் வெளிவந்தது. ஒரு சொல் எப்பாட்டில், எவ்வடியில் பயில்கின்றது என்பதைக் கணினியின் துணையின்றித் தொகுத்த தலைமுறை அது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கியவரும் பின்னாளில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றியவருமான ச. வையாபுரிப் பிள்ளையின் உழைப்பும் இத்தகையதே. இலக்கியத்திற்கு அடைவு கண்ட துறைகள் தம் இதழ்களுக்கு அடைவு காணாதது வியப்பிற்குரியது.

ஈழத்தமிழரின் நூலகம் திட்டம் 2005 முதல் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்து வருகின்றது. அங்கு இதழ்கள் பலவற்றின் பக்கத்தில் உள்ளடக்கமும் தட்டச்சுச் செய்து தரப்பெறுகின்றது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஒரு சமுதாயம் செய்து காட்டியதை, ஊதியம் பெறும் துறைகள் செய்யவியலாது எனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

மறுப்புகளும் விடைகளும்

இணையத்தில் இட்டால் இதழின் விற்பனை குறையும் என்பர் சிலர். இங்குக் கேட்கப்படுவது முழுக்கட்டுரை அன்று. தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம், ஐந்து குறிச்சொற்கள் ஆகியனவே. இவை வெளிவந்தால் வாங்குவோர் பெருகுவரேயன்றிக் குறையார்.

பணி பெரிது என்பர் வேறு சிலர். காலாண்டிதழ் ஒன்று நாற்பதாண்டுகள் வெளிவந்து, இதழுக்குப் பத்துக் கட்டுரைகள் தாங்கியதாகக் கொள்வோம். மொத்தம் 1,600 பதிவுகள். நாளொன்றுக்கு இருபது எனினும் எண்பது நாள்களில் நிறைவுறும். முதுகலை மாணவர் ஒருவரின் திட்டக் கட்டுரைக்கு இது தக்க பொருளாகும்.

தமிழாய்வுக்கு மூலநூலே போதும், கட்டுரைத் தேடல் வேண்டா என்பது மூன்றாம் மறுப்பு. முன்னோர் கூறியதை அறியாது அதனையே மீண்டும் கூறுவது மூலநூற் பற்று ஆகாது. முதலில் உழைத்தவரின் பெயர் மறைந்து பின்வந்தவர் பெயர் நிலைபெறுவதற்கே அது வழிசெய்யும்.

முடிவுரை

இதழ்களின் தரத்தைக் குறிக்க மானியக்குழு பேணிவந்த கேர் பட்டியல் கைவிடப்பட்டமை 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பெற்றது. தரத்தை அளக்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களிடமே வந்துள்ளது. இவ்வேளையில் மூன்று நெறிகளைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளல் வேண்டும். ஒவ்வோர் இதழின் உள்ளடக்கமும் ஒருங்குறித் தமிழிலும் சீரான உரோமன் பெயர்ப்பிலும் கட்டணமின்றி வெளியிடப்பெறுதல் வேண்டும். பழைய தொகுதிகளுக்குக் கட்டுரை அடைவு உருவாக்கிப் பல்கலைக்கழக நூலகப் பட்டியலோடு இணைத்தல் வேண்டும். 'ஆய்வு நிகழவில்லை' என எழுதும் ஆய்வாளர், எவ்விதழ்களை எவ்வாண்டு வரை தேடினார் என்பதை ஆய்வேட்டிலேயே குறித்தல் வேண்டும்.

மூன்றாவது நெறியை நெறியாளர்கள் இன்றே நடைமுறைப்படுத்தலாம். அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. அதனைக் கடைப்பிடிக்க முயலும் ஒவ்வோர் ஆய்வாளரும் முதலிரண்டு நெறிகளின் தேவையைத் தம் துறைக்கு உணர்த்துவார்.