நடக்க முடியாதவர்களுக்கும் மாதா உண்டு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சென்னை தேனாம்பேட்டையின் கத்தோலிக்க வீடுகளில் ஒரே கேள்விதான்: இந்த வருஷம் நடக்கிறீர்களா? காவி உடுத்தி, 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் உண்டு. அவ்வளவு முடியாதவர்கள் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் மாதா கோயில்வரை நடக்கிறார்கள். நடப்பதை நான் குறை சொல்லவில்லை. அந்த நடையோடு ஒட்டி வளர்ந்துவிட்ட ஒரு நம்பிக்கையைக் கண்டிக்கிறேன்: பாதம் கொப்பளித்தால்தான் வேண்டுதல் பலிக்கும், கடவுள் பாதையின் முடிவில் இருக்கிறார், போய்ச் சேராதவர் அவருக்குக் கடன்காரர்.

இது யாரை வதைக்கிறது என்று பாருங்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குப் பத்து நாள் லீவு யார் தருவார்கள்? மூட்டு தேய்ந்த பாட்டி எப்படி நடப்பார்? பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், "நேர்ந்துகிட்டு நடக்கலையே, அதான்" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சொல் வந்து விழும். அந்தத் தாய் இரவெல்லாம் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு அழுவாள். அவள் செய்த குற்றம் என்ன? பிள்ளையின் தலைமாட்டை விட்டு எழாமல் இருந்ததா?

இந்த நம்பிக்கைக்கு நற்செய்தியில் இடமே இல்லை. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், கடவுளைத் தொழ வேண்டியது இந்த மலையிலா, எருசலேமிலா என்ற வழக்கைச் சமாரியப் பெண் எழுப்புகிறாள். தொழுகைக்கான தனி உரிமையை இயேசு இரண்டு இடத்துக்கும் தரவில்லை. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் ஆயர் கிரகோரி எருசலேமுக்கே போய்வந்தவர். இடம் மாறுவதால் கடவுள் நெருங்கி வந்துவிடுவதில்லை என்று அவர் கடிதமே எழுதியிருக்கிறார்.

"பாமர மக்களுக்குத் தெரிந்த பக்தி இதுதான், தியானம், உள்மனச் செபம் எல்லாம் துறவிகளுக்கு" என்று சிலர் பரிந்து பேசுவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஏழைக்குக் காலும் காணிக்கையும் போதும், உள்ளம் வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு! 17ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கார்மேல் மடத்தில் சமையற்கட்டில் உழைத்தவர் சகோதரர் லாரன்ஸ். போரில் அடிபட்டுக் கால் ஊனமானவர். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசிக்கொண்டே இருந்தார். கோயிலில் முழந்தாளிடும்போது கிடைத்த அதே அமைதி அவருக்கு அடுப்படியிலும் கிடைத்தது. தேனாம்பேட்டையில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு மட்டும் அது ஏன் எட்டாது?

நடந்து போகிறவர்களையும் இந்த நம்பிக்கை ஏமாற்றுகிறது. குழுவுக்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போகும். விடிவதற்குள் அடுத்த ஊரைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், லாரிகள் விரையும் இருட்டுச் சாலையில் நடப்பார்கள். உயிர்கள் போயிருக்கின்றன. செபமாலை வாயில் ஓடும். மனம் எஞ்சிய கிலோமீட்டர்களை எண்ணும். 1884இல் கசான் நகரில் அச்சேறிய ரஷ்ய நூல் ஒன்றில் வரும் நாடோடிப் பயணி வேறு விதமாக நடக்கிறான். இயேசுவின் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு சிறு செபத்தை உதட்டிலிருந்து மூச்சுக்கும், மூச்சிலிருந்து நெஞ்சுக்கும் இறக்குகிறான். போய்ச் சேரும் ஊருக்காக அவன் கடவுளைத் தள்ளிவைக்கவில்லை. அப்படி நடப்பதானால் 300 கிலோமீட்டரும் பெரும் பேறு, ஒரு தெருவும் பெரும் பேறு.

நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிலையம் சின்னமலை. கடல் தாண்டி வந்ததாக மரபு சொல்லும் திருத்தூதர் தோமா, அங்கே குனிந்துதான் நுழைய முடிகிற ஒரு குகைக்குள் தனியாகச் செபித்தார் என்றும் அதே மரபு சொல்கிறது. நெடுந்தூரம் வந்தவரும் கடைசியில் அமைதியைத்தான் தேடியிருக்கிறார். அந்தக் குகையில் கால்மணி நேரம் வாய்மூடி இருக்கக் கற்றுத்தர ஏன் யாரும் இல்லை?

பங்குத்தந்தையர் ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு மறையுரையிலேயே, பீடத்திலிருந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டும்: நடக்க முடியாதவர் மாதாவுக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை. நடைக்குழுக்களின் தலைவர்கள் தினமும் விடியலில் ஒரு மணி நேரமாவது ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். இரவு நடையைக் கைவிட வேண்டும். நடந்துவிட்டு வந்தவர்கள், காய்ச்சல் பிள்ளையை வைத்திருக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தத் தாயோடு உட்கார்ந்து, சத்தமில்லாமல் செபிக்க வேண்டும்.