மகல்லாவும் குடும்பும்

தாஷ்கண்ட் என்ற மாத்திரத்தில் நம் ஜனங்களின் நினைவுக்கு வருவது, 1966 ஜனவரி 10-ஆம் தேதி பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப்கானோடு சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மறுநாள் பொழுது புலருமுன்னரே அந்நகரில் உயிர்நீத்த பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரியின் மரணம் ஒன்றே. அதன்பின் நான்கு மாதமும் நிறையாத ஏப்ரல் 26-ஆம் தேதி விடியற்காலையில் பூகம்பத்தால் அந்நகரமே நிலைகுலைந்த சரித்திரத்தை நம்மவரில் அறிந்தோர் சிலர். உத்திரமேரூரில் இருந்துகொண்டு ஊராட்சியைப் பற்றி யோசிக்கும் எனக்கோ, அதுவே முக்கியமாகப் படுகிறது.

1865-இல் ருஷ்யத் தளபதி செர்னாயெவ் தாஷ்கண்டைக் கைப்பற்றியபின், ஜார் அரசு பழைய ஊரை அப்படியே விட்டு, அதன் பக்கத்தில் நேரான வீதிகளோடு தனக்கென்று ஒரு நகரை அமைத்துக்கொண்டது. பழைய ஊர், மகல்லா என வழங்கிய பேட்டைகளின் தொகுதி. வெயிலில் காய்ந்த மண்கட்டிச் சுவர்கள், தெருவுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடுகள், உள்ளே திராட்சைக் கொடி படர்ந்த முற்றம், வாசலோரம் ஓடும் வாய்க்கால். அவ்வாய்க்காலைத் தூர்வாருவது முதல் கலியாணம், இழவு வரையில் சகல காரியங்களையும் பேட்டைப் பெரியவர்கள் கூடியே நடத்தி வந்தார்கள்.

பூகம்பத்தில் மாண்டவர் மிகச் சிலரே என்பது சோவியத் அரசின் கணக்கு. வீடிழந்தவர்களோ ஏறத்தாழ 3 லட்சம் பேர். எல்லாச் சோவியத் குடியரசுகளிலிருந்தும் தொழிலாளர்கள் ரயிலேறி வந்து, சில ஆண்டுகளுக்குள் வரிசை வரிசையாய் அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பியது மெச்சத்தக்க காரியந்தான். ஆனால் பழுதுபார்த்துக் குடியிருக்கத்தக்க மண்வீடுகளும் அந்த வேகத்தில் இடிபட்டன. அவற்றில் வாழ்ந்தவர்களின் அபிப்பிராயத்துக்கு அங்கே மதிப்பிருக்கவில்லை. 1991-இல் சோவியத் ஆட்சியினின்று சுதந்திரம் வந்தபின் மகல்லா சட்டத்தில் இடம்பெற்று மீண்டும் கௌரவம் அடைந்தது போலத் தோன்றினும், அதன் தலைவர் பேட்டைக்குப் பதில் சொல்பவராயிராமல் அரசாங்கத்துக்குப் பதில் சொல்பவராகவே ஆனார். 2017-க்குப் பின் 'தாஷ்கண்ட் சிட்டி' என்னும் வணிக வளாகத்துக்காகப் பழைய பேட்டைகள் மறுபடியும் தரைமட்டமாயின.

இதை எண்ணும்போது எங்கள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர் கண்முன் வருகிறது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் அங்கே வெட்டப்பெற்ற சாசனங்கள், ஊரை 30 குடும்புகளாக, அதாவது பேட்டைகளாக, வகுத்து, சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கக் குடவோலை இட்டதையும், 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருந்து கால் வேலி இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனே தகுதியுடையவன் என்பதையும் விவரிக்கின்றன. அது பிராமணர்களின் சபை. பெண்டிருக்கும் உழுத குடிகளுக்கும் அதில் இடமில்லை. இதை மறைத்துப் பெருமை பேசுவது யோக்கியமன்று. எனினும், ஏரியைக் காக்க ஓராண்டுக்கு 6 பேர் கொண்ட ஏரி வாரியம் என்றும், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லாமல் அவனுடைய உறவினரும் குடத்தில் ஓலை புகப் பெறாதவர் என்றும் கல்லில் எழுதி வைத்த கண்டிப்பு, எக்காலத்திலும் எளிதில் காணக்கூடியதன்று.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. சுற்றியுள்ள ஒன்றியத்துக் கிராமங்களிலோ ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. முன்கூட்டியே எழுதி வைத்த தீர்மானத்தை ஒருவர் வாசிக்க, வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கலைந்துபோவதைச் சபை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலிருந்து யாரும் வந்து இடிக்காமலே நம் குடும்புகளை நாமே காலி செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள், கையெழுத்திடுமுன், தங்கள் ஊர் ஏரியின் மதகுக்கும் கலங்கலுக்கும் கரைக்கும் இவ்வாண்டு ஆன செலவுக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடியும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.