கணக்கில் வராத உழைப்பு

மணமுறிவுக்குப் பின் மனைவிக்குக் கிடைக்க வேண்டிய ஜீவனாம்சம் கணவரின் நிகர ஊதியத்தில் 25 சதவீதம் என்று பரவலாக நம்பப்படுகிறது. 2017இல் ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் நியாயமெனக் கருதிய அளவு அது. அப்படியொரு சூத்திரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. இருவரின் வருவாய், பொறுப்புகள், வாழ்ந்த தரம் ஆகியவற்றை எடைபோட்டு நீதிபதியே தொகையை முடிவு செய்கிறார். 2020இல் ரஜ்னேஷ் - நேகா வழக்கின் தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து, வருவாய் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக அளிக்க வேண்டும் என்றும், மனு அளித்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்றும் வகுத்தது. வரவேற்கத்தக்கதே.

ஆனால் சம்பளச் சீட்டு உள்ளவரிடம்தான் இக்கணக்கு எளிது. வணிகரின் வருவாயோ வழக்கு வந்ததும் சுருங்கிவிடுகிறது. அதைப் பொய்யென்று மெய்ப்பிக்கும் சுமை, வழக்குச் செலவுக்கே வழியற்ற பெண்ணின் தலையில் விழுகிறது. முறைசாராத் தொழிலாளியின் குடும்பத்திலோ பங்கிடுவதற்கே ஏதுமில்லை.

மணவாழ்வில் சேர்ந்த வீட்டிலும் நிலத்திலும் அவளது ஊதியமற்ற உழைப்பு கலந்திருக்கிறது. கோவாவின் குடிமைச் சட்டம் அச்சொத்தில் இருவருக்கும் சமபங்கைப் பொதுவிதியாக ஏற்கிறது. கணவரின் அசையாச் சொத்தில் பங்கு பெற வகைசெய்த திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. அதை மேலும் வலுவாக்கி ஒன்றிய அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும்.