நின்றுவிட்ட இரத்தம்



அண்மையில் வன்னிக் கிராமமொன்றிற்குச் சென்றிருந்தேன். தாயை இழந்து அந்தியேட்டி முடித்திருந்த ஒரு தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, முதல்தரம் இரத்தம் வந்தபோதே கொண்டுபோயிருந்தால் அம்மா தப்பியிருப்பாவோ?"

அந்த அம்மாவுக்கு உணவுக்குழாயில் முற்றிய புற்றுநோய். கஞ்சி மட்டுமே இறங்கியது. ஒரு பின்னேரம் நெஞ்சு நோகுது என்றிருக்கிறா. பிறகு ஒரு சிரட்டையளவு சிவந்த இரத்தம் சத்தியாக வந்து, தானாகவே நின்றுவிட்டது. அம்மா முகம் கழுவிப் படுத்துவிட்டா. விடியப் பார்ப்போம் என்று மகளும் இருந்துவிட்டாள். விடியுமுன் பெருக்கெடுத்தது. "2009 இல் எவ்வளவு இரத்தம் பார்த்தனான். அன்றைக்குக் கைகால் ஓடேல்லை அக்கா" என்றாள்.

நெஞ்சினுள் உணவுக்குழாயும், இதயத்திலிருந்து வரும் பெருநாடியும் அருகருகே செல்கின்றன. புற்றுநோய் உணவுக்குழாயின் சுவரைத் தாண்டினால், அரிதாகப் பெருநாடியின் சுவரையும் அரித்துவிடும். துவாரம் சிறிதாயின் உறைந்த இரத்தமே அதை அடைக்கும். அந்த அடைப்புக் கழன்றால் சில மணித்தியாலங்களிலோ சில நாட்களிலோ பெரும் இரத்தப்போக்கு ஏற்படும். ஆகவே முதல் இரத்தம் ஓர் எச்சரிக்கை. அது நின்றுவிட்டதென்று ஆறுதலடையக் கூடாது.

உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். நோயாளியை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் கொண்டு செல்லுங்கள். புற்றுநோய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றி, ஸ்கேன் எடுத்துத் துவாரத்தைத் தேடுவார்கள். வசதியுள்ள பெரிய வைத்தியசாலையில், தொடை நாடி வழியாகத் துணி போர்த்த உலோகக் குழாயொன்றைச் செலுத்திப் பெருநாடியின் துவாரத்தை உள்ளிருந்து மூடலாம். அதுவரை இரத்தத்தை அடக்க, உணவுக்குழாயினுள் பலூன் வைப்பதும் உண்டு. ஆனால் புற்றுநோய் அப்படியே இருக்கும். கிருமித் தொற்றும் வரலாம். கிடைப்பது கொஞ்சக் காலம்தான்.

அதனால் சிலர் இறுதி நாட்களை வீட்டிலேயே கழிக்க விரும்புவர். அதுவும் அவர்களது உரிமை. அப்படியாயின் கிளினிக்கில் முன்கூட்டியே பேசி, பதற்றத்தையும் நோவையும் தணிக்கும் மருந்து பற்றிக் கேட்டு வையுங்கள். கடுநிறத் துவாய்கள் சில அருகில் இருக்கட்டும். இரத்தத்தின் நிறம் நோயாளியைப் பயமுறுத்தாது. அந்த நேரத்தில் கையைப் பிடித்தபடி ஒருவர் பக்கத்தில் இருப்பதே பெரிய வைத்தியம்.

அந்தத் தங்கைக்கு நான் பொய் சொல்லவில்லை. "ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம், நிச்சயமில்லை. ஆனால் இது உன் பிழை இல்லை. உனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை" என்றேன். நெடுநேரம் அழுதாள். பிறகு எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாள்.

சகோதரிகளே, சோறு விழுங்கும்போது தடக்குகிறதா? வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கமுள்ள அம்மாமார் வீட்டில் இருக்கிறார்களா? கஞ்சிக்கு மாறிச் சமாளிக்காதீர்கள். இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.