வண்டி ஏறும், மனுஷன் ஏற மாட்டான்

ஆத்தூரில் எங்கள் தெருவில் வாசலில் சாய்தளம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். எல்லாம் மோட்டார் பைக்குக்காக. ராத்திரி வண்டியை உள்ளே ஏற்றிப் பூட்டணுமே! இடமில்லை, செலவாகும், அழகு கெடும் என்று இதுவரை ஒரு கொத்தனாரும் சொன்னதில்லை.

இளம்பிள்ளைவாதத்தில் கால் போன என் பெரியப்பா பணம் எடுக்கப் போகும் வங்கிக்கு மூன்று படி. வேட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையூன்றி ஏறுவார். கூட்டம் மரியாதையாக விலகி வழிவிடும். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஒருத்தர்கூட அந்தப் படியைப் பார்த்துக் கோபப்பட்டதில்லை.

படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 45. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அதற்கு 5.4 மீட்டர் நீளம் போதும். ரெண்டு கார் நிற்கிற முற்றத்தில் இது கிடைக்காதா?

2016 சட்டம் தெளிவாகவே சொல்கிறது: அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குத் திட்ட அனுமதியே கிடையாது. பழைய பொதுக்கட்டடங்களை மாற்றக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022லேயே முடிந்தது. 2005இல் ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம், இவை வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேணும் என்றது. பத்தொன்பது வருஷம்!

மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் சக்கர நாற்காலிக்கு மரப்பாதை போட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாகச் சிலர் அலையைப் பக்கத்தில் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. உடனே, ‘இதெல்லாம் நமக்குத் தேவையா’ என்று ஒரு கேள்வி. புயலில் ரோடு போனால் அப்படிக் கேட்போமா?

கட்டடக்கலை படிக்கிற தம்பி தங்கச்சிகளே, உங்களிடம்தான் சண்டை. திண்ணை, முற்றம் என்று உருகுகிறீர்கள், எனக்கும் பிடிக்கும். அந்தத் திண்ணைக்கும் படி ஏறித்தான் போகணும் என்பது உங்கள் வரைபடத்தில் உறுத்தவில்லையா? கணினிப் படத்தில் குட்டி மனுஷர்களை ஒட்டுகிறீர்களே, எல்லாருமே இருபத்தைந்து வயசு, கையில் காபி. ஊன்றுகோலோடு ஒருத்தரை நிறுத்துங்கள். அவர் கழிப்பறைக்கு எப்படிப் போவார் என்று பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு எங்கே முட்டுகிறதோ அங்கே அழித்து வரையுங்கள். சிமென்ட் காய்ந்தபிறகு உடைப்பதுதான் செலவு.

பெரியப்பா இப்போது வங்கிக்குப் போவதில்லை. எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்று பெரியம்மாவிடம்கூடச் சொல்லாத மனுஷன். அவருடைய ஏடிஎம் அட்டை இப்போது என் பர்ஸில் இருக்கிறது. ரகசிய எண்ணும் எனக்குத் தெரியும்.