களிமண் புறா



ஐப்பசி மழையில் அயனம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர்ப்பறவைகள் வந்திறங்கும். அவற்றின் பின்னே உண்டிவில்லோடு சிறுவரும் வந்து சேர்வர். சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளை அடுத்த ஞாயிறன்று ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டிற்கு நாம் சென்றபோது, திண்ணையில் ஒரு மடையான் செத்துக் கிடந்தது. 13 வயது மகன் தலைகுனிந்து நின்றான். தந்தையின் கையில் பிரம்பு. "சாமி, நீங்களே கேளுங்க" என்று பாட்டி அழுதார்.

நாம் என்னவென்று கேட்பது? அதே வயதில் ஒரு மைனாவை அடித்து வீழ்த்தி, வாழையடியில் புதைத்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாது மறைத்தவர் நாம். அதை அவனிடம் சொன்னோம். பிறகு ஏன் அடித்தாய் என்றோம். "குறி சரியா விழுதான்னு பார்த்தேன் சாமி" என்றான். அது பொய்யன்று. பறவையின்மீது அவனுக்குப் பகையில்லை, வயிற்றில் பசியுமில்லை.

இந்தக் குறியாசைக்கு உயிரைக் காவுகொடுப்பதில் பெரியவர்களே அவனுக்கு முன்னோடிகள். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர்; ஏறத்தாழ 300 பறவைகள் மடிந்தன. 21 புறாக்களை வீழ்த்தியவர் வெற்றி பெற்றார். இத்தனைக்கும் 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1880-இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் பறவைக்குப் பதிலாக எறியத்தக்க மண்தட்டு ஒன்றைச் செய்திருந்தார். சிறுவர்கள் கிளிஞ்சல்களை நீர்மேல் தத்தித் தத்திச் செல்லும்படி எறிவதைக் கண்டே அவ்வெண்ணம் தோன்றிற்று என்பர். நம் ஏரிக்கரையில் நாள்தோறும் நடப்பதுதானே!

இன்று அத்தட்டு கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்தது. 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. ஆயினும் பெயர் மட்டும் களிமண் புறாவே. வீரர் தட்டை எறியச் சொல்லிக் கூவுவதும் 'இழு' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையே. முற்காலத்தில் கயிற்றை இழுத்துப் புறாக்கூண்டைத் திறந்ததன் எச்சம் அது. 2024-இல் அதே பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு நம் புதுக்கோட்டைப் பிரித்விராஜ் தொண்டைமான் சென்று சுட்டது இத்தட்டுகளைத்தான். பதக்கம் கிட்டவில்லை; ஒரு சிறகும் உதிரவில்லை.

இவற்றையெல்லாம் மகன் வாய்திறந்து கேட்டான். தந்தையைத் தொட்டது வேறொன்று: பிக்கானீர் அரச குடும்பத்துக் கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் இவ்வகைச் சுடுதலில் வெள்ளி வென்றவர், அவர் மகள் ராஜ்யஸ்ரீ குமாரியும் தந்தை வழியில் சுடப் பழகி 1968-இல் அர்ஜுனா விருது பெற்றார். "அப்பனே கூட நின்னு கத்துக் கொடுத்தாரா?" என்று கேட்டவர், பிரம்பைக் கூரையில் செருகினார்.

அடுத்த விடுமுறையில் குடும்பமே திருவள்ளூர்ப் பக்கத்துத் தாய்மாமன் தோப்பிற்குச் சென்றது. நம்மையும் அழைத்தனர். குருக்கள் வேட்டையில் ஈடுபடலாகாது என்றது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஓட்டாஞ்சில்லைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்ற துணிவில் போனோம். பாட்டியின் உடைந்த மீன்குழம்புச் சட்டிகள் ஒரு கூடை நிறைய இருந்தன. அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த நிலத்தை நோக்கித் தந்தை ஒவ்வொரு சில்லாக மேலே வீச, எல்லோரும் அடிப்பவனுக்குப் பின்னால் நின்றோம். சில்லு தெறித்தால் கண்ணுக்குக் கேடு. முதல் இருபதும் தப்பின. தந்தை முயன்றார், அவருக்கும் தப்பின. அடுப்படியிலிருந்து வந்த தாய், சேலையைச் செருகிக்கொண்டு அடித்த இரண்டாவது கல்லிலேயே சில்லு தூளாயிற்று. மகன் ஓடிப்போய்த் துண்டுகளைப் பொறுக்கி வந்தான். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிற்பகலில் அவன் நம்மருகே வந்து, "அந்த மைனாவை எப்ப சொன்னீங்க சாமி?" என்று மெல்லக் கேட்டான். குருப்பட்டத்திற்கு முந்திய தியானத்தில் என்றோம். "அவ்வளவு நாளா?" என்றான். நாம் மறுமொழி கூறுமுன் அவன் தந்தை அடுத்த சில்லை வீசிவிட்டார்.