அறிக்கை மென்பொருளில் கணக்கீட்டுச் சொற்கள்: பெயர்ப்பும் பொருளுணர்வும்

முன்னுரை

ஊதியப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், கிடங்கு இருப்பு, கட்டண நிலுவை என எளிய மக்களின் வாழ்வைத் தொடும் ஆவணங்கள் பலவும் இன்று தரவுத்தளத்திலிருந்து அறிக்கை ஆக்கும் மென்பொருள்களால் உருவாகின்றன. அவற்றில் பயிலும் மொத்தம், எண்ணிக்கை, சராசரி போன்ற சொற்கள் மிக எளியனவாகத் தோன்றுவதால் தமிழறிஞர்களின் கவனத்தைப் பெறவில்லை. 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. எழுத்து நிலையில் இவ்வளவு உழைத்த கணித்தமிழ், பொருள் நிலையில் பின்தங்கியே நிற்கிறது. கணக்கீட்டுச் சொற்களைத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் அணுகும் முறை அடிப்படையிலேயே பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை நிலைப்பாடுகள்

இப்பொருள் குறித்து இருவகை நிலைப்பாடுகள் நிலவுகின்றன. ஆங்கிலச் சொற்களை அப்படியே ஆளலாம், பயன்படுத்துவோர்க்கு அவை தெரிந்தவையே என்பது ஒன்று. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் நேரான தமிழ்ச்சொல் ஒன்றை அமைத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது மற்றொன்று. எதிரெதிர் முனைகளாகத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே தவற்றின் இரு கிளைகள். கணக்கீட்டுச் சொல்லை ஒரு பெயர்ப்பலகையாக இரண்டுமே கருதுகின்றன. உண்மையில் அச்சொல் ஒரு வினைமுறையின் சுருக்கம். எதை எடுத்து, எதை விடுத்து, எந்த வரிசையில் கணக்கிடுவது என்பதே அதன் பொருள். அப்பொருளை உணராதவர்க்கு ஆங்கிலச் சொல்லும் பயன்படாது. தமிழ்ச் சொல்லும் பயன்படாது.

தளேகாவும் மிகைநேரப் பட்டியலும்

புணே நகருக்கு வடமேற்கே, மும்பை செல்லும் இருப்புப்பாதையில் அமைந்தது தளேகாவ். மராட்டியப் படைத்தலைவர்களான தாபாடே குடும்பத்தாரின் பெயரோடு தளேகாவ் தாபாடே என வழங்கும் இவ்வூர், இன்று வாகனமும் பொறிகளும் ஆக்கும் ஆலைகள் சூழ்ந்த தொழிற்பகுதியாகும். பல மொழியினர் ஒருங்கே உழைக்கும் இத்தகைய இடங்களை எண்ணியே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என விதித்தது. அறிவிப்பின் மொழியைக் கருதிய அச்சட்டப்பிரிவு, ஊதியத் தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைச் சொல்லும் மொழியைக் கருதவில்லை.

இத்தகைய ஆலை ஒன்றின் மிகைநேரப் பட்டியலை எடுத்துக்காட்டுக்காக அமைத்துக்கொள்ளலாம். தொழிலாளர் நால்வர். மூவரின் மிகைநேரம் முறையே 6, 4, 2 மணி. நான்காமவரின் கட்டம் நிரப்பப்படவில்லை. தரவுத்தள வினவல் மொழியின் இயல்பான நெறிப்படி, சராசரி காணும்போது நிரப்பப்படாத கட்டம் விடப்படும். 12 மணி மூவர்க்குப் பகுக்கப்பட்டு விடை 4 ஆகும். அக்கட்டத்தில் சுழியம் இடப்பட்டிருப்பின் நால்வர்க்குப் பகுக்கப்பட்டு விடை 3 ஆகும். நிரப்பப்படாத கட்டத்தைச் சுழியமாக மாற்றிக்கொள்ளும் தெரிவு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் போன்ற மென்பொருளில் உண்டு. ஒருவர் ஒரு தெரிவை மாற்றினால் அறிக்கையின் பொருளே மாறக்கூடும்; தலைப்பில் உள்ள 'சராசரி' என்னும் சொல் மட்டும் மாறுவதில்லை.

கூட்டலிலும் இச்சிக்கல் உண்டு. ஒரு நிரலை மேலிருந்து கீழாகக் கூட்டும் செயற்கூறு நிரப்பப்படாத கட்டத்தை விட்டுவிட்டு எஞ்சியவற்றைக் கூட்டும். ஒரே வரிசையில் உள்ள அடிப்படை ஊதியத்தையும் மிகைநேர ஊதியத்தையும் கூட்டல் குறியால் இணைக்கும்போது, ஒன்று நிரப்பப்படாதிருந்தால் விடை முழுவதும் வெறுமையாகிவிடும். தமிழில் இரண்டுக்கும் 'கூட்டல்' என்றே எழுதினால், நான்காம் தொழிலாளியின் ஊதியம் எங்கு மறைந்தது என்பதை எவரும் கேட்க இயலாது.

இன்மையும் அன்மையும்

நிரப்பப்படாத இந்நிலையை 'நல்' என்று வினவல் மொழி குறிக்கும். இதனைச் சுழியம் என்றும், வெற்று என்றும், மதிப்பிலி என்றும் பெயர்ப்பதில் உள்ள குறைபாட்டைத் தமிழிலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். எதிர்மறைப் பொருளை இன்மை, அன்மை, மறுதலை எனப் பகுத்துணர்ந்த மரபு நம்முடையது. மிகைநேரம் பார்க்கவில்லை என்பது இன்மை. அதற்குச் சுழியம் பொருந்தும். பார்த்தாரா என்பதே தெரியவில்லை என்பது வேறு நிலை. அது செய்தியைப் பற்றிய அறியாமை. மதிப்பிலி என்பதோ பயனற்றது என்னும் பொருளைத் தந்து மயக்கும். 'குறிப்பின்மை' எனும் சொல், தொகை இல்லை என்று கூறாமல் குறிக்கப்படவில்லை என்று மட்டும் கூறுவதால் பொருத்தமுடையதாகும்.

நேர்பெயர்ப்பின் தோல்விகள்

'தனித்தெண்ணல்' என்று அமையத்தக்க செயலை 'வேறுபட்ட எண்ணிக்கை' எனப் பெயர்ப்பது நேர்பெயர்ப்பின் தோல்விக்குச் சான்று. பத்துத் தொழிலாளர் 26 நாள் தவறாது வந்தால் வருகைப் பதிவுகள் 260. பதிவுகளை எண்ணினால் 260. ஆட்களைத் தனித்தெண்ணினால் 10. 'வேறுபட்ட எண்ணிக்கை' என்பதைப் படிப்பவர் மாறுபட்ட ஏதோ ஓர் எண் என்றே கொள்வார்.

'ஓடும் மொத்தம்' என்பதும் இத்தகையதே. வரிதோறும் முன்தொகையோடு அடுத்த தொகை சேர்ந்து வளர்வதே இங்கு நிகழ்வது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்கருத்தைக் 'குவிவு நிகழ்வெண்' என்னும் தொடரில் ஆள்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் 'திரள் மீடிறன்' என்கின்றன. குவிவு, திரள் ஆகிய இரண்டு நற்சொற்கள் வகுப்பறையிலேயே இருக்க, ஆங்கில உருவகத்தைச் சுமந்து வருவது தேவையற்றது. 'திரள்தொகை' எனின் பொருள் தானே விளங்கும். பிரிவின் கூட்டுக்குப் 'பிரிவுத்தொகை', அனைத்தின் கூட்டுக்குக் கணக்கேட்டு வழக்கான 'ஆக மொத்தம்' என வகுத்துக்கொண்டால் மூன்றும் மயங்கா. வரிசை முறையை மாற்றினால் இடைப்பட்ட வரிகளின் திரள்தொகை மாறும், ஆக மொத்தம் மாறாது என்னும் வேறுபாட்டையும் கற்பிக்க இயலும்.

சராசரிகளின் சராசரி பற்றியும் எச்சரிக்கை தேவை. ஒரு பிரிவில் இருவர்க்கு நாட்கூலிச் சராசரி 300 ரூபாய்; மற்றொன்றில் எண்மர்க்கு 500 ரூபாய். இரு சராசரிகளையும் சேர்த்துப் பகுத்தால் 400. பதின்மரின் உண்மைச் சராசரி 460. சொல் ஒன்றே, ஆளுக்கு 60 ரூபாய் வேறுபாடு.

ஒரு பழைய முயற்சியின் பாடம்

தளேகாவை உள்ளடக்கிய மராட்டிய நிலத்திலேயே இதற்கொரு முற்சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவாஜியின் ஆட்சியில் இராசவியவகார கோசம் தொகுக்கப்பெற்றது. ஆட்சித்துறையில் வழங்கிய பாரசீகச் சொற்களுக்கு ஈடாக வடசொற்களை அது தந்தது. ஆயினும் சமா, வசூல், பாக்கி போன்ற கணக்குச் சொற்கள் மராத்தியில் நிலைத்தன. பாக்கியும் வசூலும் தமிழிலும் புகுந்தன. கணக்கெழுதுவோர் கையில் வினையோடு ஒட்டிய சொல்லைப் பட்டியலால் மட்டும் பெயர்த்தெடுக்க இயலாது என்பதே இதன் பாடம். இது தூய சொல்லாக்கத்திற்கு எதிரான வாதமாகாது. வினைமுறையைக் கற்பிக்காத சொல்லாக்கத்திற்கு எதிரான வாதமாகும்.

ஆங்கிலச் சொற்களே துல்லியமானவை என்பாரின் கூற்றும் நிலைபெறாது. எண்ணிக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் எதனுடைய எண்ணிக்கை என்பதைச் சொல்வதில்லை. அம்மொழியினரும் கையேட்டைக் கற்றே தெளிகின்றனர். துல்லியம் வரையறையால் வருவது, மொழியால் வருவதன்று.

முடிவுரை

கணக்கீட்டுக் கலைச்சொல் அகராதியின் ஒவ்வொரு பதிவும் நான்கு செய்திகளைத் தருதல் வேண்டும்: கணக்கிடப்படுவது எது, குறிப்பின்மை எவ்வாறு கொள்ளப்படுகிறது, கணக்கீடு வரிதோறுமா, பிரிவின் முடிவிலா, அறிக்கையின் முடிவிலா, கையால் சரிபார்க்கத்தக்க சிறு எடுத்துக்காட்டு. இவை இல்லாத சொற்பட்டியல்கள் எத்தனை ஆயிரம் சொற்களைக் கொண்டிருப்பினும் வெறும் நிரல்களே.

சொல்லின் பொருளை வரையறுக்கும் பயிற்சி தமிழ்த்துறைகளுக்கு உண்டு. செயலின் நெறியை அறிந்தவர் கணினித்துறைகளில் உளர். இருசாராரும் ஒருங்கே அமராத வரையில், கட்டம் நிரப்பப்படாத நான்காம் தொழிலாளி தம் தொகை ஏன் குறைந்தது என்று கேட்பதற்கான சொல்லைத் தமிழ் அவருக்குத் தந்ததாகாது.